பேய்ப் படத்துல சண்டை வந்தா பேய் ஓடிப்போயிடுது: இல்லேங்கறவங்க வாங்க

வெட்டாற்றங்கரை:
விடாத மழை, வயல்ல வேலை இல்ல. பத்து நாளா ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் படம்தான். சின்னர்ஸ், லோகா, பிரம்மயுகம் (இது ரெண்டாம் தடவை), பழசுக்கு ஈரம். நாலும் பார்த்து முடிச்சதுல ஒண்ணு உறுத்திக்கிட்டே இருக்கு, இங்க இறக்கி வச்சுடறேன். முடிவெல்லாம் சொல்லப் போறேன், பார்க்காதவங்க இப்பவே நகர்ந்துடுங்க.

பேய்ப் படத்துக்குள்ள சண்டை நுழைஞ்ச நிமிஷம் பேய் கொல்லைப்பக்கமா வெளியே போயிடுது. அடிச்சு விரட்ட முடியும்னா அதுக்கு எதுக்குங்க பயப்படணும்?

பிரம்மயுகத்தை எடுத்துக்குங்க. 2024ல வந்தது, முழுக்க கறுப்பு வெள்ளை. பாழடைஞ்ச மனை, மூணு ஆம்பளைங்க, மழை. உயிருக்குத் தப்பி ஓடிவந்த பாணன் ஒருத்தன் பசியோட உள்ளே நுழையறான். மம்முட்டி அவனைப் பகடை ஆடக் கூப்பிடறாரு. பந்தயப் பொருள் என்னன்னா அவனோட காலம். அவரு சிரிச்சுக்கிட்டே இருந்து சட்டுனு நிறுத்துவாரு பாருங்க, அந்த இடத்துல என் கை தானா போர்வையை இழுத்துச்சு.

சின்னர்ஸும் முதல் பாதி அப்படித்தான். 1932, மிசிசிப்பி டெல்டா. இரட்டைப் பிறவி அண்ணன் தம்பி, ரெண்டு வேஷமும் மைக்கேல் பி. ஜோர்டான். சிகாகோவுல சேர்த்த காசோட ஊர் திரும்பி, பழைய மரம் அறுக்கற மில்லை வாங்கி ராத்திரி ஆட்டம் பாட்டுக்குக் கொட்டகை போடறாங்க. ரத்தக்காட்டேரி வாசல்ல வந்து நிக்குது. உள்ளே கூப்பிட்டாத்தான் அதால வர முடியும். "வரலாமா?"ன்னு அது மரியாதையா கேக்கறப்ப இருந்த பயம், அப்புறம் நடக்கற அடிதடியில இல்ல. விடிஞ்ச பிறகும் அந்த இரட்டையர்ல ஒருத்தன் துப்பாக்கியைத் தூக்கிட்டு ஆளுங்களைச் சுட்டுத் தள்றான். நான் எழுந்து போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டுட்டு வந்துட்டேன்.

லோகா நல்ல படம். பயம் மட்டும் இல்ல.

குடமுருட்டி:
//அடிச்சு விரட்ட முடியும்னா அதுக்கு எதுக்குங்க பயப்படணும்?//

அண்ணே, அப்ப காந்தாராவை எந்தக் கணக்குல வைப்பீங்க? 2022ல தஞ்சாவூர்ல போய்ப் பார்த்தேன். கடைசிச் சண்டையில அடிபட்டு விழுந்தவன் மேல குளிகன்ங்கற தெய்வம் இறங்குது பாருங்க, அந்த நேரம் எனக்குப் பக்கத்து சீட்டுக்காரர் செருப்பைக் கழட்டி சீட்டுக்குக் கீழ தள்ளிட்டுக் கையைக் கட்டிக்கிட்டாரு. அம்பது வயசு இருக்கும். அது பயம் இல்லாம வேற என்ன? சண்டையும் இருந்துச்சு, பயமும் இருந்துச்சு.

அப்புறம் நீங்க பார்த்தது வீட்டு டிவியில. நடுவுல எழுந்து மாட்டைப் பார்க்கப் போனா எந்தப் பேய்தான் கோச்சுக்காம உட்கார்ந்திருக்கும்?

வெட்டாற்றங்கரை:
மாடு பசியில கத்துதுன்னா நீயும்தான் போவே தம்பி.

காந்தாரா பேய்ப் படம் இல்ல. சாமி படம். அதுல வர்றது பக்தி.

அரசலாற்று அக்கா:
//பேய்ப் படம் இல்ல. சாமி படம்.//

இந்தக் கோட்டை எங்க கிழிச்சீங்க? கும்பகோணத்துல உட்கார்ந்து எழுதறேன், எங்க குலதெய்வம் காட்டேரி. வருஷா வருஷம் படையல் போடறோம். எங்க தெருவுலயே அடுத்த வீட்டுக்காரங்க அந்தப் பேரைச் சொல்லித்தான் பிள்ளைக்குச் சோறு ஊட்டறாங்க. ஒரு வீட்டுக்குச் சாமி, மறு வீட்டுக்குப் பேய். வெட்டுப்பட்டுச் செத்தவனெல்லாம் கையில அரிவாளோட எல்லையில வீரனா நிக்கற ஊருங்க இது. சண்டை வேற பேய் வேறன்னு நம்ம ஊர்ல எப்ப பிரிச்சு வச்சோம்?

லோகாவை ஒத்தை வரியில தள்ளினதுக்கு எனக்குக் கோவம் தனியா இருக்கு. அதுல வர்ற சந்திரா யாரு? கள்ளியங்காட்டு நீலி. நம்ம பக்கத்துலயும் ஒரு நீலி இருக்கா, பழையனூர் நீலி. அவளுக்கு நாம என்ன மரியாதை பண்ணினோம்? அவளுக்குப் பொறுப்பேத்து வாக்குக் கொடுத்த எழுபது வேளாளரும் நெருப்புல இறங்கினது பெரிய கதையாச்சு. அவ பங்குக்கு வந்தது "நீலிக்கண்ணீர்"ங்கற ஏச்சு மட்டும்தான். மலையாளத்துக்காரன் அவன் ஊர் நீலியை எடுத்து 2025ல பெங்களூர்ல நடமாட விட்டு, பொம்பளைங்களைக் காப்பாத்தற ஆளாக்கிட்டான். என் பொண்ணு நாலாவது படிக்கிறா. படம் முடிஞ்சதும் கருப்பு ஜாக்கெட் கேட்டா. நான் அவ வயசுல நீலி கதையைக் கேட்டுட்டு கொல்லைக்குத் தனியா போனதே இல்ல. இதுல எது நல்லதுன்னு நீங்களே சொல்லுங்க.

வெட்டாற்றங்கரை:
அக்கா, பொண்ணு ஜாக்கெட் கேட்டது எனக்கும் சந்தோஷம்தான். ஆனா நீங்களே உங்க வாயால சொல்லிட்டீங்களே. கதையைக் கேட்ட உங்களுக்குக் கொல்லைக்குப் போக முடியல, படத்தைப் பார்த்த பொண்ணுக்கு நீலியாவே ஆகணும்னு ஆசை. அப்ப பயம் போயிடுச்சுதானே?

அரசலாற்று அக்கா:
போகட்டுமே. எனக்கு அது நஷ்டமாத் தெரியல.

கீழத்தஞ்சைத் தோழர்:
சின்னர்ஸ் முடிவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். விடிந்த பிறகு அவன் யாரைச் சுடுகிறான்? அந்த மில்லை அவனுக்கு விற்ற வெள்ளைக்காரனையும் அவன் கூட்டத்தையும். காசை வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் வந்து எல்லாரையும் கொல்வதென்று முதலிலேயே திட்டம் போட்டிருக்கிறார்கள். ரத்தக்காட்டேரி அன்றைக்கு வராமலே இருந்திருந்தாலும் அந்தக் கொட்டகையில் இருந்த ஒருவரும் பிழைத்திருக்க முடியாது. படத்தின் முதுகெலும்பே அதுதான், நீங்கள் அந்த நேரத்தில் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தீர்கள்.

இன்னொன்று கவனித்தீர்களா? கொட்டகைக்கு வருகிறவர்கள் சிலர் பண்ணைக் காசைத்தான் நீட்டுகிறார்கள். அந்தப் பண்ணையின் கடையைத் தாண்டினால் செல்லாத காசு. இதைப் பார்த்ததும் எனக்கு எங்கள் தாத்தா ஞாபகம் வந்தது. பண்ணையாள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முந்தைய காலத்தைச் சொல்லும்போது சவுக்கடியையும், தண்டனையாகச் சாணியைக் கரைத்துக் குடிக்க வைத்த சாணிப்பாலையும் வானிலை சொல்கிற மாதிரிச் சொல்வார், குரலே ஏறாது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். கூலியாக இன்னும் அரைப்படி நெல் கேட்டவர்கள்.

காட்டேரி வாசலில் நின்று கேட்டுவிட்டு வருகிறது. பண்ணை கேட்டுவிட்டு வராது.

வெட்டாற்றங்கரை:
தோழர், இதுக்கு எதிரா பேச எனக்கு வாய் வராது. அந்தக் காட்சி நியாயமில்லைன்னு நான் சொல்லல. பயமா இருந்துச்சான்னுதான் என் கேள்வி. கோவம் வருது, அழுகை வருது, சரி. பயம் வேற.

நாற்கரம்:
ஒரு சிறு திருத்தம். மிசிசிப்பி டெல்டா என்பது ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இல்லை. மிசிசிப்பிக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவில், கடலுக்கு வெகு தூரத்தில் கிடக்கும் வண்டல் சமவெளி. பெயர்தான் டெல்டா. கழிமுகம் என்ற பொருளில் டெல்டா நம்முடையதுதான்.

குடமுருட்டி:
சார், ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு சொன்னாங்களே.

நாற்கரம்:
ஆகிவிட்டேன். வண்டல் அங்கேயேதான் இருக்கிறது.

ஆபரேட்டர் மகன்:
எங்கப்பா டூரிங் கொட்டாயில ஆபரேட்டர். 1978ல வந்த விட்டலாச்சார்யா படம் ஜகன்மோகினி. அடுப்புல விறகு இல்லேன்னு பேய் தன் காலையே உள்ளே வச்சு எரிக்கும் பாருங்க, அந்தக் காட்சி வந்தா பொம்பளைங்க பக்கம் ஒரு அலறல், உடனே ஒரு சிரிப்புன்னு அப்பா சொல்வாரு. ரெண்டும் ஒரே மூச்சுல. அதனால பயம்னா இப்படித்தான் இருக்கணும்னு அண்ணன் சட்டம் போடறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா ஒரு விஷயத்துல அவரு கட்சி. கொட்டாயில ஒத்தை புரொஜக்டர். ரீல் முடிஞ்சா மாத்தற வரைக்கும் படம் நிக்கும். கொட்டாய்க்கு வெளிய வயக்காடு, தவளைச் சத்தம். மணலைக் குவிச்சு உட்கார்ந்திருக்கறவங்க குவியலைக் கொஞ்சம் பக்கத்து ஆள் பக்கமா நகர்த்திப்பாங்களாம். படம் ஓடறப்ப நகராதவங்க அப்பத்தான் நகருவாங்க. அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு.

இப்ப அந்த நிறுத்தமே கிடையாது. 2024ல கங்குவா வந்தப்ப சத்தம் தாங்கலன்னு முதல் நாளே ஊரெல்லாம் புலம்பி, தயாரிப்பாளரே தியேட்டர்காரங்களை வால்யூமை ரெண்டு பாயின்ட் குறைக்கச் சொன்னாரு. ஆடு மேய்க்கறவன் கூட இப்படிக் கத்த மாட்டான்.

குடமுருட்டி:
சத்தத்துக்கு நானும் எதிரிதான் அண்ணே. சத்தம் வேற, சண்டை வேற.

ஆமா, இந்த ஈரத்தை எதுக்கு வெட்டாறு அண்ணன் லிஸ்ட்ல சேர்த்தாரு? 2009 படம், பாட்டு நல்லாருக்கும். குழாயில தண்ணி வந்தா பேய், தரையில தண்ணி நின்னா பேய். எங்க தெருவுல குழாயில தண்ணி வந்தா திருவிழா.

வெட்டாற்றங்கரை:
கிண்டல் பண்ணு. நான் ஒண்ணு சொல்றேன், கேளு.

எனக்குப் பதினாலு வயசு. அந்த வருஷம் மேட்டூர் தொறந்து தண்ணி எங்க ஊர் வர்ற நாள். ஆறு நாலஞ்சு மாசமா காஞ்சு கிடக்கு, நாங்க ஆத்துக்குள்ளதான் கிரிக்கெட் ஆடுவோம். ராத்திரி சித்தப்பாவோட மதகுல காவல். நிலா இல்ல. முதல்ல தண்ணிச் சத்தம் வராது, தெரியுமா? சருகுச் சத்தம்தான் வரும். யாரோ நிறைய பேர் வெறுங்காலோட சருகு மேல மெதுவா நடந்து வர்ற மாதிரி. சித்தப்பா டார்ச்சை அணைச்சுட்டாரு. "பேசாத, வருது"ன்னாரு. கால் மணி நேரம் இருக்கும். அந்தச் சத்தம் கிட்ட கிட்ட வருதே தவிர ஒண்ணும் கண்ணுக்குத் தெரியல. அப்புறம் டார்ச்சைப் போட்டாரு. நுரை, அது மேல குப்பை, குச்சி, அதுக்கும் முன்னால மணல்ல ஓடி வர்ற பூச்சிங்க, ஒரு பாம்பு. தண்ணி முழங்கால் உயரம் கூட இல்ல. ஊரே கும்பிடற தண்ணி. நான் சித்தப்பா வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

ஈரத்துல தண்ணி தரையில ஊர்ந்து வர்றப்ப எனக்கு அந்தச் சருகுச் சத்தம்தான் கேட்டுச்சு. அதை எந்த ஹீரோவால அடிக்க முடியும்?

அரசலாற்று அக்கா:
இதை முதல்லயே எழுதியிருந்தா நான் பாதி சண்டை போட்டிருக்க மாட்டேன்.

குடமுருட்டி:
சரி, சருகுக்கு ஒரு கும்பிடு. ஆனா விடறதா இல்ல.

எங்க பாபநாசத்துக்குப் பக்கத்துல இருக்கு மெலட்டூர். நரசிம்ம ஜயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும், ஆம்பளைங்களே எல்லா வேஷமும் கட்டுவாங்க. பிரகலாத சரித்திரம், மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி தெலுங்குல எழுதினது. சப்டைட்டில் கிடையாது. நரசிம்ம முகமூடிக்குத் தனியா பூஜை. அதைக் கட்டறவரு விரதம் இருந்துதான் கட்டுவாரு. முகமூடி ஏறினதும் அவரு அவரா இருக்க மாட்டாரு, இரணியன் மேல பாய்ஞ்சுடாம ரெண்டு பக்கமும் ஆளுங்க பிடிச்சுக்கணும். தூண்ல இருந்து சிங்கம் வருது, மாயம். பார்க்கறவனுக்கு நடுக்கம். இரணியனுக்கும் அதுக்கும் நேருக்கு நேர் மோதல். மாயம், பயம், சண்டை மூணும் ஒரே மேடையில, தலைமுறை தலைமுறையா நடக்குது. இதுல எங்கண்ணே பேய் ஓடிப்போச்சு?

வெட்டாற்றங்கரை:
நல்லாப் பிடிச்சே. நானும் பார்த்திருக்கேன், ஒரே ஒரு தடவை.

ஆனா அங்க சிங்கம் எத்தனை மணிக்கு வருது? ராத்திரி ஆரம்பிச்சு விடியப்போற நேரத்துலதான். அதுவரைக்கும் அப்பனும் பிள்ளையும் பேசறாங்க, பாடறாங்க, அம்மாக்காரி அழறா. பாதிப்பேர் தூங்கிடறாங்க. அது வர்றதுக்குள்ள நமக்கு உடம்பெல்லாம் வலிக்குது, வந்துடாதான்னு இருக்கு. அப்படிக் காக்க வச்சுட்டு மோத விட்டா நான் ஏன் வேண்டாம்னு சொல்லப் போறேன்? இப்ப வர்ற படத்துல டைட்டில் போடறதுக்குள்ள நாலு பேரைத் தூக்கிப் போட்டு மிதிக்கறாங்க.

குடமுருட்டி:
அண்ணே, இப்ப நீங்களே மாட்டிக்கிட்டீங்க. சின்னர்ஸ்ல ரத்தக்காட்டேரி எப்ப வருது? அதுவரைக்கும் கொட்டகைக்கு ஆள் பிடிக்கறாங்க, மீன் வாங்கறாங்க, பழைய காதலியோட சண்டை போடறாங்க, அந்தச் சின்னப் பையன் கிட்டார் வாசிக்கிறான். அவன் பாடறப்ப செத்துப்போன பாட்டன்மாரும் இன்னும் பொறக்காத பேரன்மாரும் ஒண்ணா வந்து ஆடறாங்களே, அதுக்குப் பிறகுதான் காட்டேரி வந்து வாசல்ல தட்டறான். உங்க கணக்குப்படியே காக்க வச்சுட்டுத்தான் அடிக்கிறான்.

அரசலாற்று அக்கா:
இன்னொண்ணு பாருங்க, பிரம்மயுகத்துலயும் மாட்டறவன் பாணன்தான். ரெண்டு இடத்துலயும் அதோட கண்ணு பாட்டுக்காரன் மேலதான். தஞ்சாவூர் ஜில்லாவுல இப்படி ஒரு பேய் வந்தா கச்சேரி சீசன் முடிஞ்சுது.

ஆபரேட்டர் மகன்:
தவிலுக்குப் பயந்து அதுவே ஓடிடும் அக்கா.

கீழத்தஞ்சைத் தோழர்:
அந்த ஆட்டக் காட்சிக்காக மட்டுமே நான் இரண்டாம் முறை பார்த்தேன். முடிவை மறுபடி ஒரு தடவை, எழுந்து போகாமல் பாருங்கள் நண்பரே. பிறகு பேசுவோம்.

வெட்டாற்றங்கரை:
பார்க்கறேன். மாட்டுக்கு முன்னாடியே வைக்கோல் போட்டுட்டு உட்கார்றேன். ஆனா பிரம்மயுகம்தான் உசத்தி, அதுல மாத்தம் இல்ல. லோகாவுக்கு ஒத்தை வரி எழுதினது தப்புதான், அக்கா பொண்ணுகிட்ட சொல்லிடுங்க.

குடமுருட்டி:
மே மாசம் மெலட்டூர் வாங்கண்ணே. எங்க வீட்ல சாப்பிட்டுட்டு ஒண்ணா போயிடலாம். தூங்கினா எழுப்ப மாட்டேன்.

வெட்டாற்றங்கரை:
வர்றேன். திரும்பி வர்றப்ப ஆத்துப் பாலம் வரைக்கும் துணைக்கு வரணும், இப்பவே சொல்லிட்டேன்.