ஊருக்குள் ஓட்டினால் லிட்டருக்கு 12: நோய் காருக்கா, எனக்கா?

நெல்லை டீச்சர்:

வணக்கம். சாவி போடுவது, கியர் மாற்றுவது, பங்கில் போய் "ஃபுல்" என்று சொல்வது, காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அதனால் பதில் சொல்பவர்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லுங்கள்.

2017இல் வாங்கிய சின்னக் கார். பெட்ரோல், ஒரு லிட்டர் எஞ்சின், மூன்று சிலிண்டர், கையால் மாற்றும் கியர். 71,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற ஜூன் வரை கோவில்பட்டியில் வேலை. நான்குவழிச் சாலையில் போக ஐம்பத்தைந்து, வர ஐம்பத்தைந்து. அப்போது லிட்டருக்கு 18 கிடைத்தது, நல்ல நாளில் 19. ஜூனில் மாறுதல் கிடைத்துத் திருநெல்வேலி டவுணுக்கே வந்துவிட்டேன். பெருமாள்புரத்தில் வீடு. முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, சுலோச்சன முதலியார் பாலம், ஜங்ஷன், ஈரடுக்கு மேம்பாலம் என்று ஏழு கிலோமீட்டர். "இனிமேல் உனக்குப் பெட்ரோல் செலவே கிடையாது" என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் வாழ்த்தினார்கள். கேசரி கூட வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது லிட்டருக்கு 12. விற்றபோது காகிதத்தில் 23 என்று போட்டிருந்தார்கள், அதை நான் என்றைக்குமே நம்பியதில்லை. ஆனால் 18 எப்படி 12 ஆகும்? வழக்கமாகச் சர்வீஸ் விடும் இடத்தில் எஞ்சினில் கார்பன் படிந்துவிட்டது, சுத்தம் செய்ய 4,500 ரூபாய் ஆகும் என்கிறார்கள். வீட்டுக்காரரோ, "கார்பனும் இல்லை ஒன்றும் இல்லை, நீ கிளட்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறாய்" என்கிறார். பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல் விற்கிறது. யாரை நம்புவது?

ரொக்கப்புத்தகம்:

டீச்சர், யாரையும் நம்ப வேண்டாம், கணக்கை நம்புவோம். முதலில் ஒரு கேள்வி. இந்த 12 எங்கிருந்து வந்தது? ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள திரை காட்டியதா, நீங்கள் பெட்ரோல் போட்டுக் கணக்குப் பார்த்ததா? திரை காட்டுவது மதிப்பீடு, பல கார்களில் அது கொஞ்சம் தாராளமாகவே காட்டும். முள் பாதிக்கு வந்தது, கால்வாசிக்கு வந்தது என்று பார்ப்பது அதைவிட மோசம்.

ஒரே பங்கு, முடிந்தால் ஒரே குழாய். தானாக நிற்கும் வரை நிரப்பி, அத்துடன் நிறுத்திவிடுங்கள். "இன்னும் கொஞ்சம் போடு" என்று ரவுண்டாக்காதீர்கள். ட்ரிப் மீட்டரை (ஓடிய தூரத்தைத் தனியாக எண்ணிக் காட்டுவது) சுழியமாக்குங்கள். அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால் வகுங்கள். ஒருமுறை வருவதை நம்பாமல் மூன்று முறையின் சராசரியை எடுங்கள். பங்கின் அளவிலேயே சந்தேகம் வந்தால் ஐந்து லிட்டர் அளவுக் குவளை கேளுங்கள். முத்திரையிட்ட குவளை ஒன்றை ஒவ்வொரு பங்கும் வைத்திருக்க வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் இருக்கலாம்.

அந்த 23 பொய்யில்லை, ஆனால் உங்கள் சாலையில் எடுத்ததும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் காரை ஏற்றி, ஏசியை அணைத்துவிட்டு, வகுத்து வைத்த வேகங்களில் ஓட்டி எடுத்தது. அங்கே வண்ணார்பேட்டை சிக்னல் கிடையாது.

இரண்டாவது கேள்வி: எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கார் நின்றுகொண்டிருக்கும் நேரம் ஒரு வாரத்தில் எவ்வளவு? யோசித்துச் சொல்லுங்கள்.

நெல்லை டீச்சர்:

12 நீங்கள் சொன்ன மாதிரி இரண்டு முறை நிரப்பிப் பார்த்ததுதான் (12.3, 11.9). அந்த அளவுக்கு நானும் ஆசிரியைதான்!

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. மகளுக்கு மகாராஜநகரில் பாட்டு வகுப்பு, வாரம் மூன்று நாள். வீட்டுக்குப் போய்த் திரும்பி வர நேரம் போதாது என்று வாசலிலேயே காரில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். ஏசி போட்டுக்கொண்டு. நாற்பது நிமிடம்.

ரொக்கப்புத்தகம்:

அப்படியென்றால் விடைத்தாளோடு இதையும் திருத்துங்கள். பள்ளிக்கு ஒரு நாளைக்கு 14, ஐந்து நாளைக்கு 70. பாட்டு வகுப்பு, கடை எல்லாம் சேர்த்து 20 என்று வைப்போம். வாரம் 90 கிலோமீட்டர். லிட்டருக்கு 12 என்றால் ஏழரை லிட்டர். உங்கள் அளவு எஞ்சின் நின்ற இடத்தில் ஏசியோடு ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். மூன்று நாள் நாற்பது நிமிடம் என்பது இரண்டு மணி நேரம். ஆக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், ஒரு மீட்டர் கூட நகராமல்.

அதைக் கழித்துவிட்டு வகுத்தால் 15, 16 வருகிறது. காணாமல் போன ஆறில் பாதியாவது பாட்டு வகுப்பு வாசலில் கிடக்கிறது. 4,500 ரூபாயை இப்போதைக்கு எடுத்து நீட்டாதீர்கள்.

மலைப்பாதை:

நான் தென்காசி. என் முறையைச் சொல்கிறேன். சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்தவுடன் நியூட்ரலில் போட்டுவிடுவேன், வண்டி தானாக உருண்டு போய் நிற்கும். மலை இறக்கத்திலும் அப்படித்தான். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு போய் வந்தால் மைலேஜ் அள்ளும். அதோடு காலை ஆறு மணிக்குப் பெட்ரோல் போடுங்கள், குளிர்ச்சியில் அடர்த்தி அதிகம், கூடுதலாகக் கிடைக்கும்.

ஸ்பானர் அண்ணாச்சி:

மலைப்பாதை தம்பி, கோபித்துக்கொள்ளாதே. முப்பத்தொரு வருடம் தூத்துக்குடியில் ஒர்க்ஷாப் வைத்திருந்தவன் சொல்கிறேன். நீ சொல்வது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம், அன்றைக்கு அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டியில், அதாவது கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டியில், கியரை விடாமல் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் வேகம் ஓரளவு இறங்கும் வரை பெட்ரோல் சொட்டுகூடப் போகாது. சக்கரமே எஞ்சினைச் சுற்றிவிடும். நியூட்ரலில் போட்டாயானால் எஞ்சின் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ள வேண்டும், அதற்குப் பெட்ரோல் வேண்டும். நீ மிச்சம் பிடிப்பதாக நினைத்துச் செலவழிக்கிறாய். மலை இறக்கத்தில் எஞ்சின் பிடிமானம் இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் காய்ந்து பிடிக்காமல் போகும். அப்படி வந்த வண்டிகளை நான் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறேன். ஆட்கள் பிழைத்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

காலை ஆறு மணிக் கதையும் அப்படியே. பெட்ரோல் கிடப்பது பூமிக்கடியில் உள்ள தொட்டியில். பொழுது விடிந்ததும் சாய்ந்ததும் அதற்குத் தெரியாது.

டீச்சர், இனி உங்களுக்கு. கணக்குப் பிள்ளை பாதியைக் கண்டுபிடித்துவிட்டார். மீதி எங்கே என்று நான் தேடுகிறேன்.

ஒன்று, எஞ்சின் சூடாவதற்குள் நீங்கள் இறங்கிவிடுகிறீர்கள். நெல்லை வெயிலில் எஞ்சினுக்கு என்ன குளிர் என்று சிரிக்காதீர்கள். வெளியே 35 டிகிரி இருக்கலாம், எஞ்சின் கேட்பது 90 டிகிரி அளவு. அது வரும்வரை கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டித்தான் விடும், ஆயிலும் கெட்டியாக இருந்து இழுக்கும். கோவில்பட்டிக்குப் போகையில் 55 கிலோமீட்டரில் முதல் ஐந்துதான் அப்படி. இப்போது ஏழில் ஐந்து. உங்கள் வண்டியில் நீல நிறத்தில் ஒரு வெப்பமானி விளக்கு இருந்தால், அது எந்த இடத்தில் அணைகிறது என்று பாருங்கள். அதற்காகக் காலையில் வீட்டு வாசலில் நிறுத்தி வைத்துச் சூடாக்கவும் கூடாது, அது இன்னொரு பாட்டு வகுப்பு. கிளப்பியவுடன் மெதுவாக ஓட்டியே சூடாக்குங்கள். கடைக்குப் போவதைப் பள்ளியிலிருந்து திரும்பும் வழியிலேயே முடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து, வண்டி ஆறி, மறுபடி கிளம்பினால் மறுபடி முதலிலிருந்து.

இரண்டு, டயர். ஓட்டுநர் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கும், அதில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு காற்று என்று போட்டிருக்கும். பங்கில் காற்றடிக்கும் பையன் எல்லாக் காருக்கும் ஒரே எண்ணைத்தான் வைப்பான். தாளைப் பார்த்து நீங்கள் சொல்லுங்கள். ஓடிச் சூடான டயரில் அளவு கூடக் காட்டும், அதனால் வீட்டுக்குப் பக்கத்திலேயே பாருங்கள். காற்றினால் மட்டும் ஐந்தாறு கிலோமீட்டர் கூடாது, சில சதவீதம் கூடும். டயரும் கூடுதலாக உழைக்கும்.

மூன்றுதான் எனக்குச் சந்தேகம். ஒன்பது வருட வண்டி, இப்போது ஊருக்குள் ஓயாமல் பிரேக் பிடிக்கிறது. முன் சக்கரத்தில் பிரேக் பேடை (உராய்ந்து சக்கரத்தை நிறுத்தும் கட்டையை) அழுத்தும் கவ்விக்குக் காலிப்பர் என்று பெயர். அது நகரும் "பின்" என்ற கம்பியில் கிரீஸ் காய்ந்துபோனால், பிரேக்கை விட்டாலும் பேட் முழுதாக விலகாது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே ஓடும், உங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலியான சாலையில் பத்து நிமிடம் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டுங்கள். நிறுத்தி, இரண்டு முன் சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒன்று மட்டும் அனலடித்தால் எனக்கு எழுதுங்கள்.

கார்பன் சுத்தம் வேண்டாம். வண்டி நடுங்கவில்லை, எஞ்சின் விளக்கு எரியவில்லை என்றால் எதை நம்பி 4,500 கேட்கிறார்கள்? ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் கூடும் என்றும் சொல்வார்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் வரும் காற்றை அளந்து அதற்கேற்பத்தான் பெட்ரோல் போகிறது. அடைத்திருந்தால் இழுவை குறையும், மைலேஜ் பெரிதாக மாறாது. மாற்ற வேண்டிய காலத்தில் மாற்றுங்கள், போதும்.

பழைய டேங்க்:

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். காரணம் எத்தனால். 20 சதவீதம் கலந்து விற்கிறார்கள். 2017 வண்டி அதற்காகச் செய்ததா? இல்லை. முடிந்தது கதை.

ரொக்கப்புத்தகம்:

பாதி உண்மை. எத்தனாலில் பெட்ரோலைப் போல மூன்றில் இரண்டு பங்கு ஆற்றல்தான் இருக்கிறது, அதனால் குறையத்தான் செய்யும். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே, 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்யப்பட்ட பழைய கார்களில் ஆறேழு சதவீதம் குறையும் என்கிறது. 18இல் ஆறேழு சதவீதம் என்றால் ஒன்றேகால்தான். டீச்சருக்குக் குறைந்தது ஆறு. தவிர, ஜூனுக்கு முன்பும் அவர் அதே பெட்ரோலைத்தான் போட்டார். ஜூனில் மாறியது பெட்ரோல் அல்ல, பள்ளிக்கூடம்.

நெல்லை டீச்சர்:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள். காலாண்டுத் தேர்வு வந்துவிட்டது.

நீல விளக்கு அணைவது வண்ணார்பேட்டை தாண்டி, பாலத்துக்குச் சற்று முன்னால். அண்ணாச்சி சொல்லும் வரை அந்த விளக்கு எதற்கென்றே எனக்குத் தெரியாது. டயரில் 33 இருக்க வேண்டும் என்று தாள் சொன்னது. முன்னே இரண்டிலும் 25, பின்னே ஒன்றில் 22.

பாட்டு வகுப்புக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. எஞ்சினை அணைத்து, நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு உட்காருகிறேன். முதல் வாரம் வேர்த்துக் கொட்டியது. இரண்டாவது வாரம் அந்த வீட்டு அம்மா வந்து, "வெயிலில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய், திண்ணைக்கு வா" என்று கூப்பிட்டார்கள். இப்போது திண்ணையில் மின்விசிறிக்குக் கீழே திருத்துகிறேன். மோர் வேறு.

காற்றும் வேப்பமரமும் மட்டும் சேர்ந்து 14.6. அதற்குப் பிறகுதான் சக்கரத்தைப் பார்த்தேன், தள்ளிப்போட்டதற்குத் திட்ட வேண்டாம். வலது முன் சக்கரம் இஸ்திரிப்பெட்டி மாதிரி இருந்தது. இடதில் இளஞ்சூடுதான். வேறொரு மெக்கானிக்கிடம் காட்டினேன். காலிப்பர் பின் இரண்டும் துருவோடு ஒட்டிக்கொண்டிருந்தன. சுத்தம் செய்து, கிரீஸ் வைத்து, வலது இடது இரண்டு பக்கமும் புதிய பேட் போட்டு 1,900 ரூபாய். அதற்குப் பிறகு ஒரே ஒருமுறைதான் நிரப்பியிருக்கிறேன்: 15.8. மூன்று முறை சராசரி எடுக்காமல் நம்பக்கூடாது என்று ரொக்கப்புத்தகம் சொல்வார், தெரியும்.

18 இனி வராது என்று புரிந்துகொண்டேன். ஏழு கிலோமீட்டருக்கு அது நியாயமான எதிர்பார்ப்பும் இல்லை.

இன்னொன்று கேட்க வேண்டும். ஈரடுக்கு மேம்பாலத்து ஏற்றத்தில் வண்டிகள் தேங்கும்போது, பின்னால் உருளாமல் இருக்க நான் கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலேட்டரை லேசாக மிதித்து அப்படியே நிறுத்தி வைப்பேன். இருபது வருடப் பழக்கம். இதில் பெட்ரோல் வீணாகுமா?

ஸ்பானர் அண்ணாச்சி:

பெட்ரோலும் வீணாகும், அது சிறிது. கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பிரேக்குக்குக் கொடுத்ததைப்போலப் பல மடங்கு ஆகும். நின்றவுடன் கைப் பிரேக்கை இழுங்கள், நியூட்ரலில் போட்டுவிட்டுக் காலை எடுங்கள். கிளம்பும்போது கிளட்ச் பிடிக்கிறது என்று வண்டி லேசாக மூக்கைத் தூக்கும், அப்போது கைப் பிரேக்கை இறக்குங்கள். நான்கு நாள் பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் இது ஒன்று சரிதான் டீச்சர். அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.