இடுப்பு வலிக்கு ஆஸ்டியோபதி: சொடக்கு எடுக்காமலே பலன் கிடைக்குமா?

கேள்வி:
இங்கிலாந்தில் வசிக்கும் எனக்குச் சில மாதங்களாக இடுப்பு வலி இருக்கிறது. நரம்புப் பாதிப்பு இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பிறகு, தசைகளையும் மூட்டுகளையும் கைகளால் சீராக்கும் ஆஸ்டியோபதி சிகிச்சைக்குச் செல்கிறேன். சிகிச்சையாளர் என் காலை மடக்கிப் பிடித்து, தம் கைக்கு எதிராக மெதுவாக அழுத்தச் சொல்கிறார். பிறகு தளரவிடச் சொல்லி, காலைச் சற்றுக் கூடுதலாக நகர்த்துகிறார். அடுத்து, வலிக்கும் புள்ளியில் விரலை வைத்தபடி என்னைச் சுருண்ட நிலையில் அசையாமல் படுக்கவைக்கிறார். முதுகில் சொடக்கு எடுப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். இவ்வளவு மென்மையான முறைகளால் என்னதான் நடக்கிறது?

பதில் 1 (ஆஸ்டியோபதி பயின்றவர்):
முதலாவது, அமெரிக்கரான ஃபிரெட் மிட்செல் வகுத்த தசை ஆற்றல் முறை. இறுகிய தசையை நீங்களே சிறு பலத்துடன் மூன்று முதல் ஐந்து விநாடி வரை சுருக்கித் தளர்த்தும்போது, இழுவையைத் தாங்கும் திறன் சற்றுக் கூடுகிறது. அந்த நேரத்தில் மூட்டை அடுத்த எல்லைக்குக் கொண்டு செல்வார்கள். முழு பலத்தையும் காட்டினால் வேறு தசைகளும் சேர்ந்து இறுகி, முறையே பயனற்றுப் போகும்.

இரண்டாவது, அமெரிக்க ஆஸ்டியோபத் லாரன்ஸ் ஜோன்ஸ் 1950களில் கண்டறிந்த முறை. தொட்டால் நோகும் புள்ளியின் வலி பெருமளவு அடங்கும் நிலையில் உடலை 90 விநாடி வைத்திருந்து, மிக மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டு வருவார்கள். அப்போது எழுந்திருக்க நீங்கள் உதவக் கூடாது. உடலின் பாரத்தை முழுவதும் சிகிச்சையாளர் கையில் விட்டுவிடுங்கள்.

சொடக்கு என்பது மூட்டுத் திரவத்தில் வளிக்குமிழி உருவாகும்போது எழும் ஒலியே தவிர, விலகிய எலும்பு பொருந்தும் ஒலி அன்று. அது கேட்டதா என்பதைக் கொண்டு பலனை அளக்க இயலாது.

பதில் 2:
பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொது ஆஸ்டியோபதி கவுன்சிலில் பதிவு செய்தவரே தம்மை ஆஸ்டியோபத் என்று சொல்லிக்கொள்ளலாம். உங்கள் சிகிச்சையாளரின் பெயரை அதன் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 3 (இயன்முறை மருத்துவர்):
பதில் 1-இல் உள்ள விளக்கம் சரியே. ஆனால் பலனை மிகைப்படுத்திக்கொள்ள வேண்டாம். பிரான்சில் 400 பேரிடம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஒப்பீட்டுக்காகச் சிகிச்சைபோல் செய்துகாட்டும் போலிச் சிகிச்சையைவிட ஆஸ்டியோபதியால் கிடைத்த கூடுதல் முன்னேற்றம் சிறியதாகவே இருந்தது. உடற்பயிற்சியுடன் சேர்த்து மட்டுமே கைமுறைச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்று சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் அறிவுறுத்தியதும் அதனால்தான் மிக முக்கியமானது. ஆகவே, வலி குறைந்திருக்கும் நாட்களில் நடையையும் பயிற்சியையும் தொடங்கிவிடுங்கள்; எந்தப் பயிற்சி என்பதை உங்கள் சிகிச்சையாளரிடமே எழுதி வாங்குங்கள். எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய் இருந்தால், வேகமாகத் தள்ளிச் சொடக்கு எடுக்கும் முறையை ஏற்காதீர்கள். கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.