9 வருஷமா ஷெட்ல நிக்கிற மார்க் 4 அம்பாசடர், முதல்ல எதைத் தொடுறது?

காப்பித்தோட்டம்:
வணக்கம். ஏற்காட்டுல தோட்டத்து ஷெட்ல அப்பாவோட 1987 மார்க் 4 அம்பாசடர், பெட்ரோல் வண்டி, 9 வருஷமா நிக்குது. இன்ஜின் சுத்தல. பிரேக் பெடல் தரை வரைக்கும் போகுது. டிரைவர் பக்கம் தரைத்தகட்டுல கால் வெச்சா நெளியுது. டிக்கி மூடியோட உட்பக்கம் அப்பா ஆயில் மாத்தின தேதியெல்லாம் மார்க்கர் பேனால எழுதி வெச்சிருக்கார். பின்சீட் ரெக்சின்ல அம்மா கையால போட்ட தையல் இருக்கு. ரெண்டும் அப்படியே இருக்கணும், வண்டியும் ஓடணும். கயிறு கட்டி சேலத்துக்கு இறக்கிரலாம்னு ஒருத்தர் சொல்றார். செய்யலாமா?

அஸ்தம்பட்டி:
கயிறு வேண்டவே வேண்டாங்க. 20 கொண்டை ஊசி வளைவு. பிரேக் இல்லாத வண்டி இறக்கத்துல முன்னால இழுக்கிற வண்டி மேலயே போய் மோதும். ரெக்கவரி வண்டில ஏத்தி இறக்குங்க. அதுக்கும் சக்கரம் சுத்தணும். பிரேக் லைனிங் (டிரம்மை உரசி சக்கரத்தை நிறுத்துற பட்டை) டிரம்மோட ஒட்டியிருக்கும். டிரம் ஓரத்தைச் சுத்திலும் மரச்சுத்தியால மெதுவா தட்டுங்க, விட்டுரும். முரட்டுத்தனமா இழுத்தா லைனிங் ஷூவை விட்டு உரிஞ்சு வந்துரும்.

செல்ஃப் அடிக்காதீங்க. பிஸ்டன் ரிங் சிலிண்டரோட துருப்பிடிச்சு ஒட்டியிருந்தா ரிங் உடையும். நாலு பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு துளையிலயும் ஏ.டி.எஃப் ஆயில் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்துறது) 30 மில்லி ஊத்தி மூணு நாள் விடுங்க. அப்புறம் கிராங்க் ஹேண்டில் போட்டு முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமா ஆட்டுங்க. இளகின பிறகும் பிளக் போடாமலேயே நல்லா சுத்தி, ஊத்தின ஆயில் முழுக்க வெளிய வர விடணும். உள்ள தேங்கி நின்னா கனெக்டிங் ராடு வளையும். பழைய ஆயிலை வடிச்சு, ஃபில்டர் மாத்தி, 20டபிள்யூ-50 மினரல் ஆயில் சுமார் 4 லிட்டர் ஊத்துங்க. வால்வு இடைவெளி இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.38 மி.மீ, டிஸ்ட்ரிபியூட்டர் பாயின்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ, பிளக் இடைவெளி 0.6 மி.மீ.

டேங்க் பெட்ரோல் இந்நேரம் கோந்தாயிருக்கும். அதை இன்ஜினுக்குக் காட்டவே கூடாது. முதல் ஸ்டார்ட்டுக்கு வெளிய ஒரு கேன்ல புதுப் பெட்ரோல் வெச்சு ஓட்டிப் பாருங்க. டேங்கை இறக்கி, உள்ள ஒரு படி ஜல்லிப் பொடியும் தண்ணியும் போட்டுக் குலுக்கி, கழுவிக் காய வைங்க. ஓட்டை இருந்தா கேஸ் வெல்டிங் வைக்க விடாதீங்க. காலியா தெரியற டேங்க்லயும் ஆவி இருக்கும், வெடிக்கும். இப்போ பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் அதுல உப்பிக் கிழியும். எத்தனால் தாங்குற ஹோஸா கேட்டு வாங்கிப் போடுங்க.

பிரேக்குல அரைகுறை வேலை கூடாது. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் எல்லாத்துக்கும் புது ரப்பர், புது ஹோஸ், டாட் 3 பிரேக் ஆயில். உள்சுவர்ல குழி விழுந்திருந்தா சிலிண்டரையே மாத்துங்க, குழி மேல ரப்பர் நிக்காது. பிரேக் லைன்ல ஏர் எடுக்கிற வரிசை பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் ஊதிப்போகும்.

செவ்வாய்ப்பேட்டை டிங்கரிங்:
பாடி பத்தி. அம்பாசடருக்குத் தனி சேஸி ஃப்ரேம் கிடையாது, பாடிதான் எல்லாத்தையும் தாங்குது. கதவுக்குக் கீழ இருக்கிற சில் தகட்டை வெட்டுறதுக்கு முன்னால கதவு வாசல்ல குறுக்குக் கம்பி வெல்டு பண்ணி நிறுத்தணும். இல்லேன்னா பாடி நடுவுல தொய்ஞ்சு அப்புறம் கதவே சாத்தாது. தரைத்தகட்டை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. சத்தம் மாறுற இடத்தைத் தாண்டி நல்ல இரும்பு வரைக்கும் வெட்டி, 18 கேஜ் தகடு வைங்க. ஓட்டை மேல பட்டி போட்டு மூடினா அடுத்த மழைக்கு உப்பிக்கும். ரெட் ஆக்சைடு மட்டும் அடிச்சு விடாதீங்க, அது ஈரம் குடிக்கும். எபாக்சி பிரைமர் வேணும். கதவு அடியில தண்ணி வடியிற துளைகள்ல சில்வர் ஓக் இலை அடைச்சிருக்கும், ஏற்காட்டு வண்டில கதவு அழுகுறது அதனாலதான்.

அப்பா எழுத்து மேல லேக்கர் அடிக்கச் சொன்னா ஒத்துக்காதீங்க. தின்னர் பட்டதும் மார்க்கர் மை கரைஞ்சு ஓடிரும். இப்பவே நேரா வெச்சு போட்டோ எடுத்துக்கங்க. பெயின்ட் வேலை தொடங்கும் முன்னால அந்த இடத்துல வெறும் பேப்பரை வெச்சு, டேப்பை எழுத்தைத் தொடாம சுத்தி மட்டும் ஒட்டுங்க. டிக்கி உட்பக்கம் பெயின்டர் கேட்காமலேயே ஸ்ப்ரே அடிப்பார், முன்கூட்டியே சொல்லி வைங்க. வேலை முடிஞ்சதும் 2 மி.மீ அக்ரிலிக் தகடு ஒண்ணை நாலு வாஷர் வெச்சு எழுத்துல படாம மாட்டலாம்.

சீட்டை எலி கடிச்சிருக்கும். கையுறை, மாஸ்க் போட்டு, தண்ணி தெளிச்சுக்கிட்டே சுத்தம் பண்ணுங்க, எலி மூத்திரத்துல நோய் இருக்கு. ரெக்சினை முழுசா உரிக்காம, அடியில துணி ஒட்டி அம்மா தையலைத் தாங்க வைக்கலாம். தேங்காய் எண்ணெய் தடவாதீங்க, தூசி பிடிச்சுக்கும்.

காப்பித்தோட்டம்:
ரொம்ப நன்றிங்க. ஓடத் தொடங்கினதும் மலையேத்திப் பார்க்கலாமா?

அஸ்தம்பட்டி:
முதல்ல சமவெளில 200 கிலோமீட்டர் ஓட்டுங்க. ரேடியேட்டரைக் கீழிருந்து மேல தண்ணி விட்டுக் கழுவுங்க. ஃபேன் பெல்ட் விரலால அழுத்தினா 12 மி.மீ இறங்கணும். சூட்டுக்குப் பயந்து தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடாகிற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாத வால்வு) கழட்டிராதீங்க, ஏற்காட்டுக் குளிர்ல இன்ஜின் சூடே ஏறாது. இறங்கும்போது ரெண்டாவது கியர்ல வாங்க, நாலு சக்கரமும் டிரம் பிரேக்தான், தொடர்ந்து அழுத்தினா சூடாகிப் பிடிக்காது.

அப்பா காலமாகி, ஆர்.சி இன்னும் அவர் பேர்லயே இருந்தா, பேர் மாத்த படிவம் 31, வாரிசுச் சான்று. வாகனம் வெச்சிருந்தவர் இறந்து மூணு மாசத்துக்குள்ள கொடுக்கணும்னு விதி. தாண்டியிருந்தா அபராதத்தோட கேட்டுப் பாருங்க. ஆர்.சி காலாவதி ஆயிருந்தா புதுப்பிக்க படிவம் 25, தடவைக்கு 5 வருஷம். டிங்கரிங் கொடுக்கும் முன்னால பாடில குத்தியிருக்கிற சேஸி நம்பர் மேல பேப்பர் வெச்சுப் பென்சிலால தேய்ச்சு பிரிண்ட் எடுத்து வெச்சுக்கங்க. கிரைண்டர் பட்டு நம்பர் அழிஞ்சா ஆர்.டி.ஓ ஆபீஸ்ல வண்டி நிக்கும்.