குற்றாலத்துல மாசக்கணக்கா தங்கினது எப்போ நின்னு போச்சு?

பாளைக்காரன்:
ஆனி, ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் போனா ஒரு மாசம் வீடு எடுத்துத் தங்கிட்டுத்தான் திரும்புவோம்னு எங்க ஆச்சி சொல்லுவாவ. போன ஞாயித்துக்கிழமை நாங்க காலைல ஆறு மணிக்குக் கார் எடுத்தோம். ஐந்தருவியில குளியல், பிரானூர்ல பரோட்டா, ராத்திரி எட்டுக்கெல்லாம் வீடு. ரோடு நல்லாயிடுச்சு, கார் வந்துடுச்சு. தங்குறது மட்டும் ஏன் போச்சு?

தென்காசி அண்ணாச்சி:
தம்பி, எங்க அப்பா சீசனுக்கு வீடு விட்டவரு, அதனால சொல்லுதேன். ரயிலுக்கு முந்தி பல்லக்கும் மாட்டு வண்டியும் வச்சிருந்தவனுக்குத்தான் குற்றாலம். வெள்ளைக்காரத் துரைமாரு பங்களா கட்டிக்கிட்டாவ. 1903ல திருநெல்வேலிலேர்ந்து செங்கோட்டை வரை ரயில் வந்துச்சு, மறு வருசம் கொல்லத்தோட சேர்ந்துட்டு. அப்புறந்தான் சம்பளக்காரக் குடும்பமும் வர ஆரம்பிச்சது.

நான் சின்னப் பையனா பார்த்தது: தென்காசி ஸ்டேஷன்ல இறங்கி ரெண்டு குதிரை வண்டி பிடிப்பாவ. ஒண்ணுல ஆளு, ஒண்ணுல அரிசி மூட்டை, அரிவாமணை, ஊறுகாய் ஜாடி. இவ்வளவையும் தூக்கிட்டு வந்தவன் சாயங்காலமே எப்படித் திரும்புவான்? தோசைக்கு அரைச்ச மாவு புளிக்கவே ஒரு நாள் வேணுமே. வீட்டுக்குப் பின்னால ஆட்டுரலும் அம்மியும் அவங்களுக்குன்னே கிடக்கும்.

வேன் வந்து எல்லாத்தையும் மாத்திட்டு. ஒரு நாள் இருவது பேரு ஈரத்துணியோட வாசல்ல நின்னு, "ரெண்டு மணி நேரத்துக்கு ரூம் கிடைக்குமா, துணி மாத்தணும்"னு கேட்டாவ. அப்பா, "மாசத்துக்குத்தான் விடுவோம்"னு கதவைச் சாத்திட்டாரு. அவரு காலத்துக்குப் பிறகு நான்தான் மணிக்கணக்குல விட்டேன். அம்மி கிடந்த இடத்துல இப்ப கார் நிக்குது.

ஆறுமுகநேரி:
வண்டியே எல்லாம் இல்ல அண்ணாச்சி. திருச்செந்தூருக்கு 1923லயே ரயில் வந்துட்டு. இன்னைக்கும் தைப்பூசத்துக்குப் பச்சை வேட்டி கட்டி நடந்துதானே போறாவ! எங்க மாமா நடந்து போயி, பஸ்ல திரும்பி வந்து மூணு நாள் காலை நீட்டிப் படுத்திருப்பாரு.

நூலகன்:
இங்கிலாந்துல கதை தலைகீழ். 1841 ஜூலை 5ஆம் தேதி, பின்னாடி பயண ஏற்பாட்டுக் கம்பெனி நடத்தின தாமஸ் குக், லெஸ்டர்லேர்ந்து லஃப்பரோவுக்கு, மதுவிலக்குக் கூட்டத்துக்குத் தனி ரயில் விட்டார். ஏறக்குறைய 500 பேர், போக வர ஒரு ஷில்லிங். அன்னைக்கே திரும்பிட்டாங்க. அங்க ஒரு நாள் உல்லாசப் பயணத்தைப் பரப்பினதே ரயில்தான்.

தென்காசி அண்ணாச்சி:
அவரு அரிசி மூட்டையா கொண்டு போனாரு? ஸ்டேஷன்ல இறங்கினா சோலி முடிஞ்சுது. இங்க இறங்கின பிறகும் அஞ்சு கிலோமீட்டர் குதிரை வண்டில போகணும்லா.

பாளைக்காரன்:
அப்போ அடுத்த தடவை ரயில்லயே வாரோம் அண்ணாச்சி. ஒரு மாசம் லீவு கிடைக்காது. ரெண்டு நாளைக்கு வீடு தருவீகளா?

தென்காசி அண்ணாச்சி:
தாராளமா வாங்க. சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம். அன்னைக்கு மணி வாடகை.