மூன்று நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்றாக இருந்த காலம்: உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

நன்னிலம் பக்கத்திலிருந்து:

மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றிலும் வெள்ளி (அந்த ஊர் டாலரை நாம் அப்படித்தான் சொல்வோம்) ஒரே மதிப்பில் ஓடியது என்று இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள். அந்தக் காலத்தைப் பார்த்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டுக் கதையிலிருந்து தொடங்குகிறேன்.

தாத்தா மலேசியாவில் ஈப்போ பக்கம் ரப்பர் தோட்டத்தில் கணக்குப்பிள்ளை. சின்னத் தாத்தாவுக்கு சிங்கப்பூர் துறைமுகத்தில் வேலை. இரண்டு பேருமே நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர்கள். அப்போது இரண்டு ஊருக்கும் ஒரே நோட்டு, மலாயா-பிரிட்டிஷ் போர்னியோ என்று அச்சடித்தது. 1961 தேதியிட்ட பத்து வெள்ளி ஒன்று இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. எருமை பூட்டி ஒருவர் வயல் உழுகிற படம் போட்டிருக்கும். "நம்ம ஊர்ல சேடை ஓட்டுறாப்லயே இருக்கு பாரு" என்று பாட்டி ஆசையாகக் காட்டுவார்.

ஊரில் நிலம் வாங்க அண்ணன் தம்பி இருவரும் சரிசமமாகப் பணம் போட்டார்கள். அதற்கென்று ஒரு நீளக் கணக்கு நோட்டு. இன்னார் நூறு வெள்ளி, இன்னார் நூறு வெள்ளி என்று பக்கம் பக்கமாக இருக்கும். 1966 ஜூனில் இந்திய ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒன்றரை ரூபாய்ச் சொச்சம் இருந்த வெள்ளி ஏறக்குறைய இரண்டரை ரூபாய் ஆனது. அதனால் அண்ணன் தம்பி கணக்கில் வித்தியாசம் வரவில்லை. இருவருக்கும் ஒரே ஏற்றம்.

1967 ஜூன் 12 அன்று மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்றும் தனித்தனியாகப் பணம் வெளியிட்டன. ஒன்றுக்கு ஒன்று, கமிஷன் கிடையாது என்று ஒப்பந்தம் இருந்ததால் யாரும் கவலைப்படவில்லை. இடி விழுந்தது நவம்பரில். 18-ஆம் தேதி பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. பவுண்டோடு கட்டுண்டிருந்த பழைய நோட்டும் கூடவே இறங்கியது. புது நோட்டு இறங்கவில்லை. பழைய நூறு வெள்ளியைக் கொடுத்தால் புது வெள்ளி எண்பத்தைந்துதான். பினாங்கில் கடையடைப்பு நடந்து அது கலவரமாகவே முடிந்தது. பேங்க் வாசலை மிதிக்காமல் டிரங்குப் பெட்டியில் பழைய நோட்டாகச் சேர்த்து வைத்திருந்த தோட்டத்து ஜனங்களுக்கு விழுந்த அடி அது. தாத்தாவும் அவர்களில் ஒருவர். எங்கேயோ லண்டனில் எடுத்த முடிவுக்கு ஈப்போவில் பால் வெட்டியவன் நூற்றுக்குப் பதினைந்து கொடுத்தான் என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

1973 மே 8-இல் மலேசியாவும் சிங்கப்பூரும் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டன. அதன் பிறகு அந்த நீள நோட்டில் வெள்ளிக் கணக்கே இல்லை, எல்லாம் ரூபாய். சின்னத் தாத்தா அனுப்பியதோடு ஒப்பிட்டால், தாத்தா அனுப்பிய தொகை பக்கத்துக்குப் பக்கம் குறைகிறது. ஆனாலும் பாகம் பிரிக்கும்போது சின்னத் தாத்தா, "அண்ணன் போட்டதும் நான் போட்டதும் ஒண்ணுதான்" என்று சரிபாதியாகத்தான் எழுதினார். 1990 வாக்கில் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு ஒன்றரை ரிங்கிட் (மலேசிய வெள்ளியின் பெயர்). 1998 செப்டம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மலேசியா கட்டிப்போட்டபோது, சிங்கப்பூர் வெள்ளி இரண்டு ரிங்கிட்டைத் தாண்டியிருந்தது.

கூத்தாநல்லூரிலிருந்து:

நான் புருணை சபுராளி, அதாவது அங்கே போய்ச் சம்பாதித்தவன். பண்டார் ஸ்ரீ பகவானில் துணிக்கடையில் இருந்தேன். நன்னிலத்து அண்ணன் மேலே சொன்ன ஒப்பந்தம் புருணைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவில் இன்றும் அப்படியே இருக்கிறது. கல்லாவில் சிங்கப்பூர் நோட்டும் சுல்தான் படம் போட்ட நோட்டும் கலந்துதான் கிடக்கும், பிரித்துக்கூட வைக்க மாட்டோம். 2017-இல் ஐம்பது வருஷம் ஆனதற்கு இரண்டு நாடும் ஐம்பது வெள்ளி நினைவு நோட்டு வெளியிட்டன.

லீவில் வரும்போது சிங்கப்பூரில் இறங்கி, சிராங்கூன் ரோட்டில் புருணைப் பணத்தைக் கொடுத்தே சாமான் வாங்கினேன். ஒருவரும் மறுக்கவில்லை. ஊருக்கு வந்து மீதியை மாற்றப் போனால், மணி சேஞ்சர் பலகையில் புருணை என்ற பெயரே இல்லை. கடைக்காரர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சிங்கப்பூர் ரேட்டில் பாதிக்குக் கேட்டார். "பாய், இது ரெண்டும் ஒரே வெலங்க" என்று எவ்வளவோ சொன்னேன். "இங்க வாங்க ஆள் இல்லையே" என்கிறார். நோட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். புருணையிலிருந்து வருகிறவர்கள் வழியிலேயே எந்த சிங்கப்பூர் பேங்கிலாவது ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டு வாருங்கள். நம்மூரில் சிங்கப்பூர் வெள்ளிக்கு எப்போதும் ஆள் உண்டு.

நாகூரிலிருந்து:

எங்கள் பாட்டனார் கொண்டுவந்ததெல்லாம், இரண்டாம் உலகப் போரில் மலாயாவைப் பிடித்து வைத்திருந்தபோது ஜப்பான்காரன் அச்சடித்த நோட்டு. வாழைமரம் போட்ட பத்து வெள்ளி, கட்டுக்கட்டாக. 1945-இல் பிரிட்டிஷ்காரர்கள் திரும்பி வந்ததும் அதைச் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். எண்பத்தைந்துகூட இல்லை, ஒன்றுமே இல்லை.

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து:

நான் இப்போது மலேசியாவின் ஜொகூர் பாருவில் பரோட்டா மாஸ்டர். என்னோடு படித்தவன் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில் அதே வேலை. நடுவில் ஒரு கிலோமீட்டர் சொச்சம் தண்ணீர், அவ்வளவுதான். 2024 தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி மூன்றரை ரிங்கிட்டை ஒட்டி வந்தது. அப்போது ஊருக்கு அனுப்பினால் எனக்கு ரிங்கிட்டுக்குப் பதினேழு, பதினெட்டு ரூபாய்தான் கிடைத்தது. அவனுக்கு வெள்ளிக்கு அறுபதுக்கு மேல். என் பக்கத்து அறையில் இருக்கும் மலேசியப் பையன்கள் விடியுமுன்னே பைக்கில் பாலம் தாண்டி வேலைக்குப் போய், ராத்திரி திரும்பி இங்கே ரிங்கிட்டில் செலவு செய்கிறார்கள். இந்த ஊர்க்காரர்கள் என்பதால் அவர்களுக்கு அது தோதாக இருக்கிறது. நமக்கு அந்த வழி இல்லை. இங்கே பெர்மிட் முடிந்ததும் சிங்கப்பூருக்கே மாறிவிடலாம் என்று ஏஜெண்டிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.