பனியனுக்குக் காசு கொடுத்தால் ரைடுக்கு ஆள் சொல்லலாமா?

மேலூர்_கார்னர்:
மதுரைக்காரர்களே, ஒரு பஞ்சாயத்து. எங்கள் ஊர் மேலூர் பக்கம். பெயர் வேண்டாம், பக்கத்து ஊர்க்காரன் படித்தால் சிரிப்பான். கபடி டீம் இருக்கிறது. 12 வருடம் லெஃப்ட் கார்னர் ஆடினேன், முட்டி போன பிறகு டீமை வேன் பிடித்துக் கூட்டிப் போகிறவன் ஆகிவிட்டேன். டீமுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், 43 பேர். அதில் மண்ணில் விழுந்து எழுகிறவன் 11 பேர், வெளிநாட்டில் இருக்கிறவன் 17 பேர். மிச்சம் சும்மா.

இந்தப் பொங்கலுக்கு ஒரு நைட் மேட்ச். அரையிறுதி முடியும்போது மணி ஒன்றரை. ஒரு பொடியன் மூங்கில் கம்பில் போனைக் கட்டி லைவ் போட்டுக்கொண்டிருந்தான். கடைசி ரைடு (எங்கள் பக்கம் 'பாடுவது' என்போம்). நாங்கள் 2 பாயிண்ட் பின்னால், எதிரில் 6 பேர், அதனால் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துத் திரும்பினாலே ஒரு பாயிண்ட் உண்டு. எங்கள் பையன் கார்னருக்கு உள்பக்கம் கவரில் நின்றவனைத் தொடப் போனான், தொடையைப் பிடித்து அமுக்கிவிட்டார்கள். 3 பாயிண்டில் தோல்வி.

1.40-க்கு அமெரிக்காவிலிருந்து குரூப்பில் ஒரு ஆடியோ. "6 பேர் நிக்கிறான், போனஸ் எடுக்கத் தெரியாதவனை யாருடா பாட விட்டது? இதுக்கா நாங்க பனியன் எடுத்துக் கொடுத்தோம்?" இன்னும் கொஞ்சம் இருந்தது, இங்கே எழுத முடியாது. அந்தப் பையனுக்கு 19 வயது. அன்று சாயங்காலம் வரை கல் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, கட்டை விரலில் டேப் சுற்றிக்கொண்டு வந்து ஆடினான். வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆடியோவைக் காதில் வைத்து இரண்டு தடவை கேட்டான். அப்புறம் போனைப் பையில் போட்டான். காலையில் பார்த்தால் 'வெளியேறினார்' என்று குரூப்பில் வருகிறது.

பனியன் 14,000 ரூபாய். வாங்கினோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எத்தனையோ ஆயிரம் மைலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு யார் பாட வேண்டும் என்று சொல்கிற உரிமையும் அந்தக் காசில் சேர்த்தியா?

எடிசன்_மாப்ள:
அண்ணே, அந்த 17 பேரில் நான் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குத் திருமங்கலம் பக்கம், இப்போது நியூஜெர்சியில் எடிசன் என்கிற ஊர். அந்த ஆடியோ தப்பு. ஆனால் நீங்கள் அதை வைத்து எங்கள் எல்லாரையும் சேர்த்து அடிக்கிறீர்கள்.

டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்) மேட்ச் அங்கே இரவு 7.15 என்றால் இங்கே காலை 9.45. ஆபீஸில் ஸ்டாண்டப் மீட்டிங் 10 மணிக்கு. ஒரு காதில் மேனேஜர், ஒரு காதில் மதுரை பேந்தர்ஸ். 2016, 2017 இரண்டு சீசனும் மதுரை டீம் வாங்கிய அடியை ஒரு மேட்ச் விடாமல் பார்த்தவன் நான். 2018 ஃபைனலில் திண்டுக்கல்லை 7 விக்கெட்டில் ஜெயித்தபோது என் வீட்டில் நான் மட்டும்தான் குதித்தேன். கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டி என்ன ஆச்சு என்று கேட்டார். எதை என்று சொல்ல?

உங்களுக்குத் தோற்றால் டீக்கடை இருக்கிறது. நாலு பேரிடம் திட்டினால் தீர்ந்தது. எனக்குப் பக்கத்து சீட்டுக்காரன் யாங்கீஸ் பேஸ்பால் பற்றித்தான் பேசுவான். அந்த ஆத்திரம் எங்கேயாவது இறங்கத்தானே வேண்டும்?

மேலூர்_கார்னர்:
மாப்ள, உங்கள் ஆத்திரம் இறங்குகிற இடம் 19 வயதுப் பையன் தலையா?

ரேஸ்கோர்ஸ்_ரோட்டோரம்:
கிரிக்கெட் பேச்சு வந்ததால் நுழைகிறேன். எடிசன் தம்பி, நீங்கள் தூரத்தில் இருக்கிறேன் என்று ரொம்ப வருத்தப்பட வேண்டாம். நான் மதுரையிலேயே இருக்கிறேன், நானும் டிவியில்தான் பார்க்கிறேன். 2025 சீசன் வரைக்கும் மதுரை டீம் மதுரையில் ஒரு மேட்ச் ஆடியதில்லை. சேப்பாக்கம், சேலம், கோவை, திருநெல்வேலி, நத்தம், இப்படியே சுற்றுகிறது.

அதிலும் நத்தம்தான் கொடுமை. திண்டுக்கல் டீமுக்கு அதுதான் சொந்த மைதானம். தல்லாகுளத்தில் மேம்பாலம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் நான் அங்கே நிற்பேன். போய் உட்கார்ந்தால் சுற்றிலும் திண்டுக்கல் சட்டை. எங்கள் வீட்டு ரோட்டிலேயே போய் விருந்தாளியாக உட்கார்ந்துவிட்டு வருகிறோம். 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கியே எங்கள் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு வந்தது. எந்தெந்த நாட்டுப் பையன்களோ வந்து ஆடினார்கள். மதுரை கிரிக்கெட் டீமுக்குத்தான் மதுரைக்கு வழி தெரியவில்லை. சிந்தாமணிப் பக்கம் தோனி வந்து ஒரு மைதானம் திறந்து வைத்தார், இனியாவது பார்ப்போம்.

இன்னொன்று. 2018-ல் நமக்குப் பந்து போட்ட வருண் சக்கரவர்த்தி மதுரையா? 2023-ல் ஏலத்தில் எடுத்த வாஷிங்டன் சுந்தர் மதுரையா? பெயரில் மட்டும் ஊர் இருக்கிற டீம் அது. அதற்கு ரசிகனாக இருக்க எடிசனும் ஒன்றுதான், மதுரை எல்லீஸ் நகரும் ஒன்றுதான். கபடி டீம் அப்படி இல்லை. அங்கே ஆடுகிறவனின் அம்மா உங்களுக்கு அத்தை முறை. திட்டினால் அடுத்த கல்யாணத்தில் முகத்தில் முழிக்க வேண்டும்.

எடிசன்_மாப்ள:
முகத்தில் முழிக்கிற விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். "பெயரில் மட்டும் ஊர்" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எனக்கு இங்கே ஊர் என்பதே பெயர்தான் அண்ணே. ஸ்கோர்போர்டில் 'மதுரை' என்று மூன்று எழுத்து ஓடுவதைப் பார்க்கத்தான் உட்கார்கிறேன். பந்து போடுகிறவன் எந்த ஊர் என்று யார் பார்த்தது?

அப்புறம், கார்னர் அண்ணே, ஆட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். 6 பேர் நிற்கும்போது போனஸை விட்டுவிட்டு நேராகக் கவர் மேல் போனது தப்புதானே? அந்தச் சொல் மோசம், கணக்கு சரி.

மேலூர்_கார்னர்:
கணக்கு சரியா? வாருங்கள். 2 பாயிண்ட் பின்னால், கடைசி ரைடு. போனஸ் எடுத்தால் எத்தனை? ஒன்று. எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் ஒரு பாயிண்டில் தோல்வி. அதற்கு என்ன, சுழற்கோப்பையைச் சுழற்றியா கொடுப்பார்கள்?

எடிசன்_மாப்ள:
போனஸை எடுத்துவிட்டுத் திரும்பும்போது கார்னர் காலைப் பிடிக்க வருவான் இல்லையா, அங்கே கையை ஓட விட்டால் ஒரு டச். ஒன்றும் ஒன்றும் இரண்டு, டை. புரோ கபடியில் வாரம் முழுக்கப் பார்க்கிறோமே.

மேலூர்_கார்னர்:
புரோ கபடியில் மேட் இருக்கிறது, காலில் ஷூ இருக்கிறது, கோடு பளிச்சென்று இருக்கிறது, டிவி அம்பயர் இருக்கிறார். எங்களுக்கு சாயங்காலம் சுண்ணாம்பில் போட்ட கோடு. ஒன்றரை மணிக்குப் பனி இறங்கி, அதுவரை நடந்த மேட்சில் மிதிபட்டு, போனஸ் கோடு எங்கே இருந்தது என்று நடுவருக்கே ஞாபகம்தான். முன்னால் நடந்த காலிறுதியில் எங்கள் இன்னொரு பையன் சுத்தமாகக் கோட்டைத் தாண்டிக் காலைத் தூக்கினான். நடுவர் கையைத் தூக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான், கோட்டை நம்பாதே, ஆளைத் தொடு, ரெண்டு பேர் மேல கை பட்டா டை என்று நான் சொல்லி அனுப்பினேன். நான். அந்தப் பையன் இல்லை.

இது போனில் தெரியாது மாப்ள. கம்பு ஆடுகிறது, ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில் பாதி கோர்ட் வெள்ளையாகத் தெரிகிறது. கோடு எங்கள் கண்ணுக்கே தெரியவில்லை, அங்கிருந்து எப்படித் தெரிந்தது?

எடிசன்_மாப்ள:
சரி அண்ணே, இது எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படக் கூடாது. நீங்கள் சொல்லித்தான் பையன் போனான் என்றால், அந்த ஆடியோ வந்தபோது குரூப்பில் "நான்தான் சொன்னேன்" என்று நீங்கள் எழுதினீர்களா?

மேலூர்_கார்னர்:
(பதில் இல்லாமல் ஒரு கும்பிடு மட்டும்)

செல்லூர்_வாய்க்கா:
பாயிண்ட் மாப்ளைக்கு.

ரேஸ்கோர்ஸ்_ரோட்டோரம்:
எரிகிற வீட்டில் பாயிண்ட் எண்ணாதீர்கள் ஐயா.

காளை_வளர்த்த_அக்கா:
ஆம்பளைகள் சண்டை முடிந்ததா? நான் பாலமேடு பக்கம். கபடி எனக்குத் தெரியாது, ஜல்லிக்கட்டு தெரியும். என் தம்பி குவைத்தில் இருக்கிறான். எங்களிடம் ஒரு காளை. தீவனத்துக்கு மாதாமாதம் அவன்தான் அனுப்புகிறான். பருத்திக்கொட்டை, தவிடு, பேரீச்சம்பழம் என்று மனுஷனுக்குக் கிடைக்காத சாப்பாடு அதற்கு. அதைக் காலையில் நடக்க வைக்கிறவள், கண்மாயில் நீச்சல் விடுகிறவள், மண் குத்தப் பழக்குகிறவள் நான். வேறு யார் கயிற்றைத் தொட்டாலும் சீறும்.

போன தடவை அலங்காநல்லூருக்கு டோக்கன் கிடைத்தது. முதல் நாள் ராத்திரியே கொண்டுபோய் வரிசையில் நிறுத்தினோம். பனியில் விடிய விடிய நின்றேன். காலை 7 மணிக்கு ஆரம்பித்தால் குவைத்தில் 4.30. அவனும் தூங்காமல் போனில் இருக்கிறான். "எத்தனாவது மாடு? நகருதா? எவனாவது நடுவில் நுழையுறானா?" பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை. மத்தியானம் ஒரு தடவை போனை அணைத்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன்.

சாயங்காலம் எங்கள் முறை வந்தது. மைக்கில் தம்பி பெயர், ஊர் பெயர் சொன்னார்கள். வாடிவாசலைத் தாண்டி மாடு போனது, ஒருத்தன் கை திமிலில் பட்டது, உதறிவிட்டது, போய்விட்டது. மூணு நாலு விநாடி இருக்குமா? பரிசு ஒரு அண்டா. மைக்கில் என் பெயர் இல்லை.

கோபம் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் ராத்திரி அவன் கூப்பிட்டு, "பேர் சொல்லும்போது எப்படிச் சொன்னாங்க, இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்டான். நான் மைக்கில் பேசுகிறவர் மாதிரி சொல்லிக் காட்டினேன். மூன்று தடவை சொல்லச் சொன்னான். அவனோடு ரூமில் இருக்கிற ஆட்களெல்லாம் ஸ்பீக்கரில் கேட்டுக் கை தட்டினார்கள்.

அதனால் கார்னர் தம்பி, அவர்களுக்கு உரிமை இல்லை என்று சொல்லாதே. மாடு எப்போது விட வேண்டும், எந்தக் கயிறு, எந்த லாரி, அதை நான் சொல்வேன். தம்பி கேட்டுக்கொள்வான். முதல் வருடம் கேட்கவில்லை. தீவனக் காசைத் திருப்பி அனுப்பி வைத்தேன், அடுத்த வருடத்திலிருந்து கேட்கிறான்.

செல்லூர்_வாய்க்கா:
அக்கா, பனியனைத் துவைத்துத் திருப்பி அனுப்பலாம் என்கிறீர்களா?

சிங்கப்பூர்_உசிலை:
நான் உசிலம்பட்டி, இங்கே கட்டுமான வேலை. எடிசன் அண்ணன் மாதிரி ஸ்டாண்டப் மீட்டிங் எல்லாம் எனக்குக் கிடையாது, நாள் முழுக்க நிற்பதுதான் வேலை. ஜல்லிக்கட்டு ஆரம்பிக்கும்போது எங்களுக்கு 9.30, சைட்டில் இருப்போம். ராத்திரி தங்குமிடத்தில் வந்து பார்த்தால் முடிவு எல்லாருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தேதான் பார்ப்போம்.

நானும் எங்கள் ஊர் கபடி டீமுக்கு 5,000 கொடுத்தேன். மூன்று மாதம் ஓவர்டைம் பார்த்து மிச்சம் பிடித்தது. பனியனில் பெயர் போடாதே என்று சொன்னேன், போட்டுவிட்டார்கள், தப்பான எழுத்தில். நான் ஆட்டத்தைப் பற்றிப் பேச மாட்டேன். 2014-லிருந்து 2017 வரை தடையில் ஜல்லிக்கட்டே நடக்காத பொங்கலைப் பார்த்தவன். 2017-ல் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கத்தில் போராட உட்கார்ந்தவர்களில் நானும் ஒருத்தன், செல்லூர்ப் பாலத்தில் ரயிலை மறித்ததைக் கரையில் நின்று பார்த்தேன். அடுத்த வருடமே கடனுக்காக இங்கே வந்துவிட்டேன். போராடி வாங்கியதை நேரில் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

திட்டுகிறவன் எவன் என்று எனக்குத் தெரியும். ஊருக்கு வரும்போது செண்ட் அடித்துக்கொண்டு மேடையில் உட்காருகிறவன். என்னை மாதிரி ஆள் திட்ட மாட்டான். ஊரில் என்னை யாராவது ஞாபகம் வைத்திருந்தால் போதும் என்று இருப்பான். இரண்டு பேரையும் ஒரே 17-க்குள் போடாதீர்கள் கார்னர் அண்ணே.

மேலூர்_கார்னர்:
உசிலைத் தம்பி, இதைப் படித்துவிட்டு அந்த 17 பேரையும் திரும்ப எண்ணினேன். பேசுகிறவன் 3 பேர். மிச்சம் 14 பேர் லைவ் வந்தால் கும்பிடு போடுவான், தோற்றால் ஒன்றும் எழுத மாட்டான். அதில் ஒருத்தன் உன் மாதிரி சிங்கப்பூர்தான்.

மாப்ள கேட்ட கேள்விக்குப் பதில்: எழுதவில்லை. ஒன்றே முக்கால் மணி, வேன் டிரைவர் வாடகை கேட்கிறார், ஒருத்தனுக்குத் தோள் இறங்கிவிட்டது, இப்படி ஆயிரம் சாக்கு. காலையில் எழுதலாம் என்று விட்டேன். காலையில் அவன் குரூப்பில் இல்லை.

ஆனாலும் என் வாதத்தை விடவில்லை. நான் வாய் திறக்காதது என் தப்பு. அதனால் திட்டியவனுக்கு உரிமை வந்துவிடாது.

எடிசன்_மாப்ள:
உரிமை வராது. ஆனால் "தூரத்தில் இருக்கிறவன் வாயை மூடு" என்று நீங்கள் சொன்னால், இன்னும் பத்து வருடத்தில் குரூப்பில் யார் இருப்பார்கள்? என் பையனுக்குக் கபடி என்றால் யூடியூபில் வருகிற ஏதோ ஒன்று. நான் கத்துவதைப் பார்த்துத்தான் அவன் வந்து உட்காருகிறான். நான் கத்தாமல் இருந்தால் அவனுக்கு மதுரை என்பது தாத்தாவைப் பார்க்கப் போகிற ஏர்போர்ட், அவ்வளவுதான்.

காளை_வளர்த்த_அக்கா:
கத்து தம்பி, யார் வேண்டாம் என்றது? அந்த ஆடியோ பட்டனை அழுத்திக்கொண்டு கத்தாதே.

ரேஸ்கோர்ஸ்_ரோட்டோரம்:
அந்தப் பையன் இப்போது ஆடுகிறானா, அதைச் சொல்லுங்கள் முதலில்.

மேலூர்_கார்னர்:
நேற்றுப் பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். நான்தான் கவர் மேல் போகச் சொன்னேன் என்று அங்கே இருந்த நாலு பேர் முன்னாலும் சொன்னேன். "தெரியும்ணே, நான்தானே போனேன்" என்றான். விரல் ஆறிவிட்டது. குரூப்பில் சேர்க்கட்டுமா என்றேன், வேண்டாம் என்றான். வைகாசித் திருவிழா மேட்சுக்கு வருகிறான்.

எடிசன்_மாப்ள:
வைகாசி மேட்ச் லைவ் உண்டா அண்ணே? எங்களுக்கு மத்தியானம் வரும், லீவு போட்டுவிடுவேன்.

மேலூர்_கார்னர்:
உண்டு. இந்தத் தடவை கம்பு இல்லை, ஸ்டாண்டு வாங்கியிருக்கிறோம், சிங்கப்பூர்க்காரன் ஒருத்தன் காசு. லிங்க் அனுப்புகிறேன். கமெண்ட்டை மட்டும் ஆஃப் பண்ணிவிடுவேன்.

சிங்கப்பூர்_உசிலை:
கும்பிடு மட்டும் விட்டு வையுங்கள் அண்ணே.