2008 வீட்டுக்கடன் சரிவு: பழி எந்தக் கட்சி தலையில்?

கணக்குப்பிள்ளை:

சனிக்கிழமை நண்பர் வீட்டு விருந்தில் பழைய சண்டை மறுபடியும் கிளம்பியது. 2008-ல் அமெரிக்க வீட்டுச் சந்தை கவிழ்ந்ததற்கு யார் காரணம்? சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு கோஷ்டியாகிவிட்டோம். "ஏழைகளுக்குக் கடன் கொடு என்று டெமாக்ரட்காரர்கள் வங்கிகளை மிரட்டினார்கள், அதுதான் எல்லாம்" என்று ஒருவர் அடித்துப் பேசினார். அங்கே முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

2000-ம் நிதியாண்டில் டெமாக்ரட் அதிபர் கிளின்டன் அரசின் பட்ஜெட்டில் சுமார் 23,600 கோடி டாலர் உபரி இருந்தது. அடுத்து ரிபப்ளிகன் புஷ் வந்தார். 2001-ல் ஒரு வரிக்குறைப்பு, 2003-ல் இன்னொன்று. உச்ச வருமான வரி 39.6 சதவீதத்திலிருந்து 35-க்கு இறங்கியது. அதே கையோடு ஆப்கானிஸ்தான், ஈராக் என்று இரண்டு போர், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மருந்துச் செலவு வேறு. வரவைக் குறைத்துவிட்டுச் செலவைக் கூட்டுகிறவனை வீட்டில் ஊதாரி என்போம். வாஷிங்டனில் அதற்குப் பெயர் பொருளாதாரக் கொள்கை.

கண்காணிப்பு இன்னும் மோசம். 2003-ல் எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. சேமிப்பு வங்கிகளை மேற்பார்வை பார்க்கும் அரசு அலுவலகத்தின் தலைவர் ஜேம்ஸ் கில்லரன், அடுக்கி வைத்த விதிமுறைக் காகிதக் கட்டுக்குப் பின்னால் செயின்சாவோடு நிற்கிறார், மரம் அறுக்கிற அதே செயின்சா. பக்கத்தில் நிற்பவர்கள் கையில் தோட்டக் கத்தரி. எல்லோர் முகத்திலும் சிரிப்பு. காவல்காரனே கடப்பாரையோடு போஸ் கொடுத்தால் வீடு எப்படி நிற்கும்?

எதிர்க்காற்று:

பாதிக் கதையை நன்றாகச் சொன்னீர்கள் நண்பரே. மீதியை நான் சொல்கிறேன்.

ஃபேனி மே, ஃப்ரெடி மேக் இரண்டும் அரசு நிழலில் வளர்ந்த நிறுவனங்கள். வங்கிகள் கொடுக்கும் வீட்டுக்கடனை வாங்கிக்கொள்வதுதான் அவற்றின் வேலை. வாங்கும் கடன்களில் இத்தனை சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுடையதாக இருக்க வேண்டும் என்று 1992 சட்டத்தை வைத்து இலக்கு வைத்தார்கள். கிளின்டன் காலத்தில் அது 42 சதவீதம், போகிற போக்கில் 50 ஆக்கிவிட்டுப் போனார். வங்கியையும் பங்குச்சந்தை வியாபாரத்தையும் பிரித்து வைத்திருந்த சுவரை 1999-ல் இடித்த சட்டத்தில் யார் கையெழுத்து? கிளின்டன். 2000 டிசம்பரில், பிற்பாடு ஏஐஜி என்ற காப்பீட்டு நிறுவனத்தைச் சாய்த்த டெரிவேட்டிவ் என்ற நிதி ஒப்பந்தங்களை மேற்பார்வையிலிருந்து விடுவித்த சட்டத்தில்? அதே பேனா.

2003-ல் ஃபேனி, ஃப்ரெடிக்குக் கடிவாளம் போடப் புதிய கண்காணிப்பு அமைப்பு வேண்டும் என்று கேட்டது புஷ் அரசு. நெருக்கடியெல்லாம் ஒன்றுமில்லை என்று எதிர்த்தவர் கீழ்ச்சபையின் டெமாக்ரட் உறுப்பினர் பார்னி ஃபிராங்க். 2008 செப்டம்பரில் அந்த இரண்டையும் அரசே கையில் எடுத்துக்கொள்ள வேண்டி வந்தது. 2009-ல் பற்றாக்குறை 1.4 லட்சம் கோடி டாலர். ஊதாரிப் பட்டத்தை ஒபாமாவுக்கும் கொடுங்களேன்?

மல்லி:

இரண்டு பேரும் வாஷிங்டனிலேயே நிற்கிறீர்கள். நான் கொஞ்சம் கீழே இறங்குகிறேன்.

2005-ல் தெற்குக் கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டுக்கடன் தரகு அலுவலகத்தில் ஃபைல் தயார் செய்யும் வேலையில் இருந்தேன். பெயர் வேண்டாம், அந்தக் கடையே இப்போது இல்லை. விண்ணப்பத்தில் மாத வருமானம் என்று ஒரு கட்டம் வரும். அதை மட்டும் காலியாக விட்டுக் கையெழுத்து வாங்கி வா என்பார் மேலாளர். அப்புறம் வீட்டு விலையைப் பார்ப்பார், மாதத் தவணை எவ்வளவு வரும் என்று பார்ப்பார், அந்தத் தவணை கட்ட எவ்வளவு சம்பளம் வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டு அந்தக் கட்டத்தை நிரப்புவார். பூக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண்மணிக்கு மாதம் 9,500 டாலர் வருமானம் வந்தது அப்படித்தான். சம்பளச் சீட்டு கேட்காத கடன் வகை, யாரும் சரிபார்க்கவில்லை.

முதல் இரண்டு வருடம் வட்டி குறைவு, மீதி 28 வருடம் சந்தையோடு ஏறி இறங்கும். ஏறுவதற்கு முன்னால் விலை கூடிவிடும், இன்னொரு கடன் எடுத்து இதை அடைத்துவிடலாம் என்று வாயால் சொல்லுவோம். இதில் இன்னொரு கூத்து: நல்ல கிரெடிட் இருப்பவரைக் குறைந்த வட்டியில் சேர்க்காமல் அதிக வட்டியில் தள்ளினால் தரகருக்குத் தனிக் கமிஷன். அப்போது சட்டப்படியே.

அங்கே இருந்தவரை எந்தக் கட்சிக்காரரும் எங்களை மிரட்டவில்லை. போன் வந்ததெல்லாம் கடனை மொத்தமாக வாங்கி வால் ஸ்ட்ரீட் முதலீட்டு வங்கிகளுக்கு விற்பவர்களிடமிருந்து. "இந்த வாரம் இன்னும் எத்தனை ஃபைல் வரும்?" அவ்வளவுதான் கேள்வி.

எதிர்க்காற்று:

மல்லி அக்கா, மேலாளர் நிரப்பியது தப்புதான். ஆனால் காலிக் கட்டத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டது யார்? நான் ஹூஸ்டனில் ஆறு வருடம் வாடகை வீட்டில் இருந்து 20 சதவீதம் முன்பணம் சேர்த்தேன். 2009 பிப்ரவரியில், கடன் கட்ட முடியாதவர்களுக்கு உதவித் திட்டம் என்று ஒபாமா அறிவித்த மறுநாளே டிவியில் நிதிச் செய்தியாளர் ரிக் சான்டெல்லி கொதித்தாரே, பக்கத்து வீட்டுக்காரன் கடனை நான் ஏன் கட்ட வேண்டும் என்று? அரசுச் செலவையும் வரியையும் எதிர்த்த டீ பார்ட்டி இயக்கம் கிளம்பியது அதிலிருந்துதான். எனக்கும் அதே கோபம்.

இன்னொன்று. எங்கள் டெக்சாஸில் வீட்டு விலை அப்படிக் கவிழவே இல்லை. ரிபப்ளிகன் மாநிலம், மாநில வருமான வரி கிடையாது, அரசு மூக்கை நுழைப்பது குறைவு. கலிஃபோர்னியாவைப் பாருங்கள், டெக்சாஸைப் பாருங்கள்.

பாலைவனத்தான்:

அந்தப் "பக்கத்து வீட்டுக்காரன்" நான்தான். அரிசோனாவின் ஃபீனிக்ஸ்.

2006 மார்ச், 3,10,000 டாலர். வருமானத்தில் பொய் சொல்லவில்லை, பத்து சதவீதம் முன்பணமும் போட்டேன். 2009-ல் வேலை போனது. அதற்குள் எங்கள் தெருவில் ஐந்து வீடு காலி. அடுத்த வீட்டு நீச்சல் குளத்துக்கு மின்சாரம் நின்று மோட்டார் ஓடாமல் தண்ணீர் பாசிப் பச்சையாகிவிட்டது. ராத்திரி தவளைச் சத்தம், பாலைவனத்தில்! கொசு பெருகி, கடைசியில் மாவட்ட ஆட்கள் வந்து கொசுப் புழுவைத் தின்னும் குட்டி மீன்களைக் குளத்தில் விட்டுப்போனார்கள். வீட்டுக்கு வெளியே விலைப் பலகை, உள்ளே மீன். அந்த வீடு 1,35,000-க்குப் போனது. என் வீட்டு விலையும் அன்றே அதுதான்.

தவணையைக் குறைக்கச் சொல்லி வங்கிக்கு விண்ணப்பித்தேன். ஒரே சம்பளக் காகிதத்தை ஏழு தடவை ஃபேக்ஸ் செய்தேன். ஒவ்வொரு தடவையும் "வரவில்லை" என்றார்கள். வங்கிகளுக்கு 70,000 கோடி டாலர் கொடுக்கும் மசோதா 2008 செப்டம்பர் 29-ல் கீழ்ச்சபையில் 228-க்கு 205 என்று தோற்றது. டெமாக்ரட்கள் 95 பேர், ரிபப்ளிகன்கள் 133 பேர் வேண்டாம் என்றார்கள். அன்றைக்குப் பங்குச்சந்தைக் குறியீடு டௌ 777 புள்ளி விழுந்தது. நாலே நாளில், அக்டோபர் 3-ம் தேதி, அதே சபையில் பாஸ். அவர்கள் ஃபேக்ஸ் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:

பாலைவனத்தான், படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

எதிர்க்காற்றுக்கு வருகிறேன். ஏழைகளுக்கான கடன் சட்டம்தான் காரணம் என்பவர்கள் காட்டுவது 1977-ல் வந்த சமூக மறுமுதலீட்டுச் சட்டம். அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வே கணக்குப் பார்த்துச் சொன்னது: அதிக வட்டிக் கடன்களில் அந்தச் சட்டத்தோடு தொடர்புள்ளவை வெறும் 6 சதவீதம். மல்லி அக்கா வேலை பார்த்த மாதிரித் தரகு அலுவலகங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. அயர்லாந்திலும் ஸ்பெயினிலும் அதே காலத்தில் வீட்டு விலை வீங்கி வெடித்தது. அங்கே கிளின்டனா போய்ச் சட்டம் போட்டார்?

2003-ல் பார்னி ஃபிராங்க் தடுத்தார் என்கிறீர்கள். அப்போது இரு சபையும் ரிபப்ளிகன் கையில். சிறுபான்மைக் கட்சி உறுப்பினர் ஒருவர் எப்படித் தடுப்பார்? 2005-ல் கீழ்ச்சபையில் கடிவாள மசோதா 331-க்கு 90 என்று பாஸானது. மேல்சபையான செனட்டில் குழுவைத் தாண்டிய மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை. செனட் யாருடையது? நீங்கள் சொன்ன 50 சதவீத இலக்கை 56 வரை உயர்த்த 2004-ல் உத்தரவு போட்டது புஷ்ஷின் வீட்டுவசதித் துறை. 1999 சட்டத்துக்குப் பெயர் கொடுத்த கிராம், லீச், பிளைலி மூவரும் ரிபப்ளிகன். 2009 பற்றாக்குறையும் அப்படித்தான். ஒபாமா பதவி ஏற்கும் முன்பே, அந்த ஜனவரியில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகம் 1.2 லட்சம் கோடி என்று கணித்துவிட்டது.

எதிர்க்காற்று:

56 சதவீதம் சரி. ஒப்புக்கொள்கிறேன், புஷ் அதில் தடுமாறினார்.

ஆனால் முதல் பதிவில் வரிக்குறைப்பில்தான் ஆரம்பித்தீர்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு வீட்டு விலைக்கு எப்படிப் போவீர்கள்? 2004-ல் பற்றாக்குறை 41,300 கோடி. 2007-ல் 16,100 கோடி. வரி குறைந்த பிறகுதான் பற்றாக்குறையும் குறைந்தது. உச்ச வரி 35-ஆ 39.6-ஆ என்பதற்கும் பூக்கடைப் பெண்மணி வாங்கின கடனுக்கும் என்ன உறவு? பணம் மலிவானது ஃபெடரல் ரிசர்வ் தலைவர் கிரீன்ஸ்பானால். 2003 ஜூனிலிருந்து ஒரு வருடம் வட்டியை 1 சதவீதத்தில் வைத்திருந்தார். பிறகு 17 தடவை ஏற்றி 2006-ல் 5.25-க்குக் கொண்டுபோனார்கள். மல்லி அக்கா சொன்ன 28 வருடப் பகுதி விழித்துக்கொண்டது அப்போதுதான். வரிக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் போடுகிற முடிச்சு.

மல்லி:

இந்த இடத்தில் நான் எதிர்க்காற்று பக்கம். உச்ச வரி விகிதம் எங்கள் அலுவலக வாசலுக்குக்கூட வரவில்லை.

வந்தது வேறு வரி. 1986-ல் ரீகன் காலத்து வரிச் சீர்திருத்தத்தில் கார் கடன், கிரெடிட் கார்டு வட்டிக்கு இருந்த வரிக்கழிவை எடுத்துவிட்டு, வீட்டுக்கடன் வட்டிக்கு மட்டும் விட்டுவைத்தார்கள். வீட்டை வைத்து எடுக்கும் அடுத்த கடனுக்கும் ஒரு லட்சம் டாலர் வரை சலுகை என்று 1987-ல் வரம்பு வைத்தார்கள். அதனால் என்ன ஆகும்? ஊரே கார்டு கடனை வீட்டின் மேல் ஏற்றிவிட்டது. "வட்டிக்கு வரிக்கழிவு உண்டு" என்பது எங்கள் மேலாளர் தினம் சொல்லும் மந்திரம். 1997-ல் வீட்டை விற்று வரும் லாபத்தில் தம்பதிக்கு 5 லட்சம் டாலர் வரை வரி இல்லை என்றார்கள். மசோதா ரிபப்ளிகன் காங்கிரஸுடையது, கையெழுத்து கிளின்டனுடையது. இதைப் பற்றிச் சண்டை போட மட்டும் விருந்தில் யாரும் வரமாட்டார்கள், ஏனென்றால் எல்லோர் வீட்டுக்கும் அந்தச் சலுகை வந்திருக்கிறது.

சும்மா எட்டிப்பார்த்தவன்:

டெக்சாஸ் பற்றி ஒரு வரி மட்டும் எழுத வந்தேன், நீண்டுவிட்டது.

எதிர்க்காற்று சார், நீங்கள் வீட்டின் மேல் அடுத்த கடன் எடுத்திருந்தால் நினைவிருக்கும். டெக்சாஸில் எல்லாக் கடனும் சேர்ந்து வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விண்ணப்பித்து 12 நாள் காத்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒன்றுதான். கையெழுத்தைக் கடன் கொடுப்பவர், வக்கீல் அல்லது சொத்துப் பத்திரம் பார்க்கும் நிறுவனத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்துதான் போட வேண்டும், வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் போட முடியாது. இது சாதாரண விதி இல்லை, மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதியிருக்கிறது. 1997 வரை அந்த மாதிரிக் கடனே அங்கே அநேகமாகக் கிடையாது. காலி நிலம் நிறைய இருந்ததும், சொத்து வரி அதிகமாக இருந்ததும் காரணம்தான். ஆனால் "அரசு மூக்கை நுழைக்காத மாநிலம்" தப்பித்ததில், அரசு மூக்கை நன்றாக நுழைத்த விதிக்கும் பெரிய பங்கு உண்டு.

இன்னொன்று சொல்லிவிட்டுப் போகிறேன். சரிவை ஆராயக் காங்கிரஸ் பத்துப் பேர் குழு வைத்தது. 2011 ஜனவரியில் அறிக்கை வந்தது. டெமாக்ரட்கள் நியமித்த ஆறு பேரும் ஒரு பக்கம். ரிபப்ளிகன்கள் நியமித்த நாலு பேரில் மூவர் தனி மறுப்பு எழுதினார்கள், மிச்சம் ஒருவர் அந்த மூவரோடும் சேராமல் இன்னொன்று எழுதினார். பத்துப் பேருக்கு மூன்று தீர்ப்பு. நாம் ஐந்து பேர் தேவலாம்.

எதிர்க்காற்று:

80 சதவீத விதி உண்மை. 2004-ல் நானே திட்டிக்கொண்டே அந்த 12 நாள் காத்திருந்தேன். அதை எதிர்த்து ஒன்றும் சொல்வதற்கில்லை.

மல்லி அக்காவுக்கு ஒரே கேள்வி. உங்கள் ஃபைல்கள் ஃபேனி, ஃப்ரெடிக்குப் போனதா இல்லையா?

மல்லி:

நேராகப் போகவில்லை. எங்களுடைய மாதிரி அதிக வட்டிக் கடனை அவர்கள் பெரும்பாலும் நேராக வாங்கவில்லை. வால் ஸ்ட்ரீட் அதைக் கட்டுக்கட்டாக முதலீட்டுப் பத்திரங்களாக்கி அடுக்கியபோது, மிகப் பாதுகாப்பானது என்று ட்ரிபிள் ஏ முத்திரை குத்திய மேல் அடுக்கை மட்டும் அவர்களும் வாங்கினார்கள். அதை இலக்குக் கணக்கில் காட்டவும் முடிந்தது. இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது.

எதிர்க்காற்று:

ஆக, இலக்கு வைத்ததன் பலன்! இதைத்தானே இரண்டாவது பதிவிலேயே சொன்னேன்?

கணக்குப்பிள்ளை:

அந்த மேல் அடுக்கை மூட்டை மூட்டையாக வாங்கியது எந்த வருடங்களில் நண்பரே? அப்போது வெள்ளை மாளிகையில் யார் இருந்தார்?